கார்புரேட்டரை மாட்டி முடித்ததும் உடனே கிக்கரை மிதிக்காதீர்கள்

பழைய பைக் வைத்திருக்கும் இளைஞர்கள், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத் தாங்களே கழற்றிச் சுத்தம் செய்யப் பழகுகிறார்கள். பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய பைக்குகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டு, பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகள் தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் இந்த வேலை தெரிந்த கைகள் இருந்தாக வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். கார்புரேட்டரை உதிரிகளாகப் பாலித்தீன் பையில் போட்டு எடுத்து வருகிறவர்களைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. அரைகுறையாக மாட்டிவிட்டு, அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் பதறுகிறது.

கழற்றும்போது நேரும் தவறு பணத்தோடு போகும். மாட்டும்போது நேரும் தவறுகளில் இரண்டு உயிரோடு விளையாடும்: மூட வேண்டிய நேரத்தில் மூடாத ஆக்சிலரேட்டர், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காத பெட்ரோல்.

முதலில், கழற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பிளக், ஏர் ஃபில்டர், டேங்க் மூடியின் காற்றுத் துளை மூன்றையும் பார்த்துவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கினால் நோய் தெரிந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது சாதாரணம். டேங்கையும் கிண்ணத்தையும் வடித்துப் புதுப் பெட்ரோல் விட்டாலே பல வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும்.

வேலை செய்யும் இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். சமையலறை அடுப்போ பூஜை விளக்கோ பத்தடி தள்ளி இருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் தீயைத் தண்ணீர் அணைக்காது, பரப்பும். ஒரு வாளி உலர்ந்த மணலாவது பக்கத்தில் வையுங்கள். வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி அணியுங்கள். ஒரு துளையில் அடித்த திரவம் உள்வழிகளில் புகுந்து, எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகுகளான ஜெட்டுகளைக் கம்பியாலோ ஊக்காலோ குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது. துளை கொஞ்சம் அகன்றாலும், அதன் அளவைக் காட்ட ஜெட்டின் மேல் பொறித்த எண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்; அதற்குப் பிறகு எந்தத் திருகைத் திருப்பினாலும் மைலேஜ் சரியாகாது. ஸ்ப்ரேயும் காற்றும் போதும். டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு உள்ள கார்புரேட்டர் என்றால் அதன்மேல் ஸ்ப்ரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் என்ஜின் ஓடும்போது, கலவையைச் சரிசெய்யும் காற்றுத் திருகைக் கழற்றும் முன், அது மெல்லத் தட்டும் வரை உள்ளே திருப்பி, எத்தனை சுற்று போனது என்று எழுதி வையுங்கள். மாட்டும்போது அதே அளவுக்கு வெளியே திருப்ப வேண்டும். இறுக்கி முறுக்கினால் அதன் கூர்முனை உள்ளேயே ஒடிந்து நிற்கும். கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இனி ஸ்லைடு, அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகினால் கேபிள் மேலே இழுத்து வழியைத் திறக்கும் உருளை. என் கவலை முழுவதும் இங்கேதான். ஸ்லைடின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும்; கார்புரேட்டரின் உடலுக்குள் இருக்கும் சிறு முளை அதில் உட்கார வேண்டும். அடிப்பகுதியில் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்கும். ஸ்லைடு தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அழுத்தாதீர்கள், எடுத்துத் திருப்பி மறுபடி விடுங்கள். வலிய அழுத்தி மூடியைத் திருகினால் ஸ்லைடில் தொங்கும் ஊசி வளையும், அல்லது ஸ்லைடு பாதி திறந்தபடி மாட்டிக்கொள்ளும். பிறகு கிக்கரை மிதித்த நொடியில் என்ஜின் உச்ச வேகத்தில் அலறும்.

மூடியை மாட்டியதும் ஆக்சிலரேட்டரைத் திருகி விடுங்கள். 'டக்' என்று ஸ்லைடு அடியில் தட்டும் ஓசை கேட்க வேண்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. இடப்பக்கம் முழுக்க ஒடித்து ஒருமுறை, வலப்பக்கம் ஒடித்து ஒருமுறை பாருங்கள். ஒரு கல்லூரி மாணவர் கேபிளை டேங்குக்கு அடியில் வேறு வழியாகக் கொண்டுபோய் மாட்டியிருந்தார். நேர்ச்சாலையில் ஒரு குறையும் இல்லை. சந்தில் திரும்ப ஹேண்டிலை ஒடித்ததும் கேபிள் இழுபட்டு வண்டி பாய்ந்தது; மதிலில் மோதி மணிக்கட்டு முறிந்தது. ஹேண்டிலைப் பக்கவாட்டில் ஒடித்துப் பார்க்கும் அந்த அரை நிமிடச் சோதனையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆக்சிலரேட்டர் பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கட்டும். ஓடும்போது எப்போதாவது சிக்கிக்கொண்டால் கிளட்சைப் பிடியுங்கள், சாவியை அணையுங்கள், பிறகு பிரேக்.

அடுத்து பெட்ரோல் சோதனை. பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு, கிண்ணத்தில் மிகுந்த பெட்ரோல் வெளியேறும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குக் கீழே காய்ந்த அட்டை ஒன்றை வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஈரம் தெரிந்தால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்கவில்லை, அல்லது கிண்ணத்தின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் உட்காரவில்லை. 'ஓடினால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பெட்ரோல் சொட்டுவது சூடான என்ஜினுக்குப் பக்கத்தில்.

கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் இரண்டு நட்டுகளை மாற்றி மாற்றி, அளவாக முடுக்குங்கள்; அதிகம் இறுக்கினால் அலுமினியத் தட்டு வளைந்து காற்று புகும். ஐடிலிங் ஏறி இறங்குவதும், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகு என்ஜின் வேகம் மெதுவாக இறங்குவதும் இதன் அறிகுறிகள். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கப் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஓடும் என்ஜின்மேல் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ட்யூனிங் கடைசி வேலை, பயப்பட ஒன்றும் இல்லை. சில கிலோமீட்டர் ஓட்டி என்ஜினைச் சூடாக்கிவிட்டு ஐடிலிங் திருகைத் திருப்பி வேகத்தைச் சற்று ஏற்றுங்கள். காற்றுத் திருகைக் கால் சுற்றாகத் திருப்பி, என்ஜின் மிகச் சீராகவும் வேகமாகவும் ஒலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங்கை இறக்குங்கள்; 100 சிசி வண்டிக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் இருந்தால் போதும். ஆர்எக்ஸ் 100-இல் இருப்பதுபோல் காற்றுத் திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால், வெளியே திருப்பத் திருப்பக் காற்று கூடும். திருகு என்ஜின் பக்கம் உள்ள கார்புரேட்டர்களில் நேர்மாறு: வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். எது உங்கள் வண்டியில் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வேலைக்கு முன் கார்புரேட்டர் நீண்ட நாள் வழிந்துகொண்டிருந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி என்றால் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் குறிக்கு மேலே ஏறியிருந்தாலோ, என்ஜினுக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் கிக்கரை மிதிக்காதீர்கள்.