ஊசிமுனை எங்கே நிற்கிறது?

திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறவர்கள் ஏழு கிணறுகளிலும் அள்ளி ஊற்றிக்கொண்டு, எதில் சூடு அதிகம் என்று ஆளுக்கொரு கிணற்றைக் காட்டுவார்கள். பக்கத்துக் கிணற்றைவிட இது சூடு என்று தோலுக்குத் தெரியும். எத்தனை பாகை என்று அதற்குத் தெரியாது. முதலில் எந்தக் கிணற்றில் குளித்தோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பும் மாறிவிடும். தணலில் கிடக்கும் கோழியை விரலால் அழுத்தி வெந்துவிட்டதா என்று பார்ப்பதும் இதே மாதிரியான அளவைதான். பாகையைச் சொல்ல, இறைச்சிக்குள் ஊசியாகக் குத்தும் வெப்பமானி வேண்டும்.

நிறத்தை நம்புவது அதைவிட மோசம். மிளகாய்த்தூளும் மஞ்சளும் தேசிக்காய்ப்புளியும் ஊறிய இறைச்சி அடுப்பில் ஏறும் முன்னரே சிவந்திருக்கும். கொத்திறைச்சி சில நேரம் பாதுகாப்பான சூட்டை எட்டாமலே உள்ளே பழுப்பாகிவிடும். இதற்கு நேர்மாறாக, இளங்கோழியின் எலும்பை ஒட்டிய சதை நன்றாக வெந்த பிறகும் எலும்புக்குள் இருக்கும் மச்சையின் நிறத்தால் இளஞ்சிவப்பாகவே நிற்கும். முன்னதை வெந்தது என்று சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறோம், பின்னதை வேகவில்லை என்று காயவிடுகிறோம்.

அமெரிக்க விவசாயத் திணைக்களம் வீட்டுச் சமையலுக்குச் சொல்லும் எல்லைகள் உலகெங்கும் பயன்படுகின்றன. எல்லாம் செல்சியசில்: கோழி 74 பாகை, கொத்திறைச்சி 71, ஆட்டு மாட்டு இறைச்சி முழுத்துண்டாக இருந்தால் 63 பாகையும் இறக்கிய பின் மூன்று நிமிட ஓய்வும், மீன் 63. முழுத்துண்டுக்குக் குறைந்த எல்லை போதுமாக இருப்பதற்குக் காரணம், கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதுதான். அங்கே தணலின் சூடு நேரே படுகிறது. கொத்தும்போது மேற்பரப்பில் இருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. மசாலா இறங்கட்டும் என்று கத்தியால் ஆழமாகக் குத்திய இறைச்சிக்கும் இதுவே நடக்கிறது. அப்படிக் குத்தியிருந்தால் 71ஐயே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

இந்த எண்களைக் காட்டும் வெப்பமானிக்குள் இருப்பது மிகச் சிறிய ஒரு பொருள். ஊசியின் முனைக்குள் கடுகளவில் தெர்மிஸ்டர் ஒன்று உண்டு. உலோக ஒட்சைட்டுகளால் செய்த அந்தத் துணுக்கின் மின்தடை, சூடு ஏற ஏற இறங்கும். கருவி அந்தத் தடையை அளந்து பாகையாக மாற்றுகிறது. வேறு சில வெப்பமானிகளில் தெர்மோகப்பிள் இருக்கும். வேறுபட்ட இரண்டு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின் விளைவு தோன்றும் என்பதை 1821இல் ஜேர்மனியரான சீபெக் கண்டார். இன்று பரவலாக உள்ள 'கே' வகையில் பாகைக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட் கிடைக்கிறது. இரண்டிலும் திரையில் தெரிவது அந்தக் கடுகளவு இடத்தின் வெப்பம் மட்டுமே. கோழியின் வெப்பம் என்று ஓர் எண் கிடையாது. முனை எங்கே நிற்கிறதோ அந்த இடத்தின் வெப்பம்தான் உண்டு. எதை வாங்குவது, எங்கே குத்துவது, ஏன் பிழையாகக் காட்டுகிறது என்ற எல்லாக் கேள்விக்கும் இங்கிருந்துதான் விடை தேட வேண்டும்.

கம்பியில்லா வெப்பமானி என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றில் ஊசியிலிருந்து உலோகப் பின்னல் போர்த்திய கம்பி வெளியே வந்து ஒரு சிறு பெட்டியில் சேரும். அந்தப் பெட்டிதான் கைபேசியில் உள்ள செயலிக்குக் கம்பியில்லாமல் செய்தி அனுப்பும். கம்பி நேரடிச் சுவாலையில் பட்டால் உறை கருகி எண்கள் தாறுமாறாகும். ஊசியை மட்டும் தனியாக மாற்றலாம் என்பது இதன் பலம். மற்றதில் எல்லாமே ஊசிக்குள். உலோகத் தண்டின் முனையில் இறைச்சிக்கான உணரி, வெளியே நீட்டி நிற்கும் பீங்கான் தலையில் அடுப்புச் சூட்டுக்கான உணரியும் அன்ரெனாவும், இடையில் ஒரு குட்டிப் பற்றரி. பற்றரிக்குத்தான் கவனம் தேவை. பல தயாரிப்புகளில் உலோகத் தண்டு 100 பாகைக்கு மேல் தாங்காது, பீங்கான் தலையோ 250 பாகையையும் தாண்டித் தாங்கும். தண்டில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு மறையும்வரை இறைச்சிக்குள் செலுத்தினால் இறைச்சியின் ஈரமே பற்றரியைக் காப்பாற்றும். கோடு வெளியே தெரியும்படி விட்டு ஊசியைப் பழுதாக்கியவர்களே அதிகம்.

கோடுவரை செலுத்த ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் ஆழமாவது வேண்டும். ஆகவே முழுக்கோழி, ஆட்டுத்தொடை, பெரிய மாட்டிறைச்சித் துண்டு சுடுகிற வீட்டுக்கே இந்தக் கருவி உதவும். கோழிக்கால், சிறகு, கம்பியில் கோத்த துண்டு, பாரைமீன் முறி என்றுதான் உங்கள் அடுப்பில் ஏறும் என்றால் இதை வாங்க வேண்டாம். மெல்லிய முனையுள்ள, குத்தியதும் இரண்டு மூன்று வினாடிக்குள் எண் காட்டும் சாதாரண வெப்பமானியே போதும், விலையும் குறைவு. பெரிய துண்டு சுடுகிறவர்களும் அதை ஒன்று வைத்திருக்க வேண்டும். உள்ளே நிற்கும் ஊசி ஓரிடத்தை மட்டுமே அறியும்.

தூரத்தைப் பற்றிப் பெட்டியில் போட்டிருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அது வெட்டவெளியில் அளந்தது. புளூடூத் அலை 2.4 கிகாஹேர்ட்ஸ். இரும்பு மூடி அதைத் தடுக்கும், நீர் உறிஞ்சும், இறைச்சியில் பெரும்பகுதி நீர், சீமெந்துச் சுவர் மிச்சத்தையும் குறைக்கும். பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாவில் மூடி போட்டுச் சுடும்போது, முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் போனதும் தொடர்பு அறுவது அதனால்தான். ஊசியின் சார்ஜ் பெட்டியே இடைத்தரகர்போல் செய்தியை வாங்கிக் கடத்தும் வகையைத் தேர்ந்து, அந்தப் பெட்டியை அடுப்பிலிருந்து ஒன்றிரண்டு மீற்றர் தூரத்தில், பீங்கான் தலை பார்க்கும் பக்கமாக வையுங்கள். இறைச்சியை அலுமினியத் தாளில் சுற்றினால் பீங்கான் தலை தாளுக்கு வெளியே நிற்க வேண்டும். தாள் மூடினால் செய்தி வெளியே வராது.

திருகோணமலையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் கதவுக் கீல்கள் என்ன பாடு படுகின்றன என்பது தெரிந்ததே. துருப்பிடிக்காத உருக்கிலும் 304, 316 என்று தரங்கள் உண்டு. 316இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். சார்ஜ் ஏறும் சிறு உலோகப் புள்ளிகளில் கொழுப்புப் படலமும் உப்பும் சேர்ந்தால் ஊசி பெட்டிக்குள் கிடந்தும் சார்ஜ் ஏறாது. கருவி பழுது என்று தூக்கிப் போடும் முன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்தப் புள்ளிகளைத் துடைத்துப் பாருங்கள்.

வாங்கியதும் பனிக்கட்டிச் சோதனை செய்யுங்கள். ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். கலக்கி இரண்டு நிமிடம் விட்டு, முனையை நடுவில், அடியிலும் பக்கத்திலும் படாமல் பிடித்தால் 0 காட்ட வேண்டும். ஒரு பாகை கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. மீன்பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் உதவாது, உப்புக் கலந்தால் 0க்குக் கீழே இறங்கிவிடும். பீங்கான் தலை தண்ணீருக்கு மேலே நிற்கட்டும், மூழ்கினால் செய்தி வராது. கொதிநீர்ச் சோதனையும் உண்டு. கடல்மட்டத்தில் இருக்கும் நமக்குக் கொதிநிலை 100 பாகை. சுமார் 1,870 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறத்தாழ 94. ஆனால் தண்டின் எல்லையே 100 என்ற கருவிகளுக்கு ஐஸ் சோதனையோடு நிறுத்துவதே நல்லது.

இனி முழுக்கோழி. கழுத்துப் பக்கமிருந்து, நெஞ்செலும்புக்கு இணையாக, நெஞ்சுச்சதையின் மிகத் தடித்த இடத்தின் நடுவில் முனை நிற்கும்படி செலுத்துங்கள். எலும்பில் முட்டினால் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள், எலும்பின் சூடு சதையின் சூடு அல்ல. பெரும்பாலான பிழை நடப்பது இந்த இடத்தில்தான், அதைக் கண்டுபிடிக்கவும் இலகுவான வழி உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கோழி தொடக்கத்தில் 10 பாகைக்குக் கீழே காட்ட வேண்டும். குத்தி இரண்டு நிமிடமாகியும் 20க்கு மேல் காட்டினால் முனை வயிற்றுக் குழிக்குள் நீட்டி நிற்கிறது. அடுப்பில் வைத்த சில நிமிடங்களிலேயே எண் விறுவிறென்று ஏறினால் முனை தோலுக்கு அருகில் இருக்கிறது.

சிரட்டைக்கரியை ஒரு பக்கம் குவித்து, கோழியை மற்றப் பக்கம் வைத்து மூடுங்கள். பீங்கான் தலை கரிக்கு எதிர்ப்புறம் பார்க்கட்டும். தலையில் தெரியும் அடுப்புச் சூடு மூடியில் உள்ள மானியைவிடக் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். குளிர்ந்த, ஈரமான இறைச்சியை ஒட்டிய காற்றையே அது அளக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் மேற்குப் பக்கம் ஒரு தகரம் மறைப்பு வேண்டும். காற்று நேரே கரியில் அடித்தால் தணல் சீறும், அடுப்புச் சூடு நிமிடத்துக்கு நிமிடம் ஏறியிறங்கும், இன்னும் எத்தனை நிமிடம் என்று செயலி சொல்லும் கணிப்பும் சேர்ந்து ஆடும். தீ மாறாது என்று எண்ணியே செயலி கணக்குப் போடுகிறது. முதல் இருபது நிமிடத்துக் கணிப்பைப் பார்க்கவே வேண்டாம்.

நெஞ்சு 71 காட்டும்போது அறிவிப்பு வருமாறு வைத்து இறக்குங்கள். வெளிப்பகுதியின் சூடு உள்ளே போய்க்கொண்டே இருப்பதால் ஓய்வில் மூன்று முதல் ஐந்து பாகை ஏறும். ஊசியை எடுக்காமல் 74 வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் மீண்டும் அடுப்புக்கு. தொடை மூட்டருகே மற்ற வெப்பமானியால் குத்தி, நடுவைத் தாண்டிச் செலுத்தி மெல்ல வெளியே இழுங்கள். வரும் எண்களில் மிகக் குறைந்ததுதான் கணக்கு. தொடைக்கு 80 வந்தால் மெதுமை கூடும்.

ஆட்டுத்தொடைக்கு 63 பாதுகாப்பு, ஆனால் முற்றிய ஆடு என்றால் பல்லுக்கு மட்டும் வேலை. சவ்வில் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலற்றின் ஆக 85 முதல் 93 பாகையும் நீண்ட நேரமும் வேண்டும். வழியில் 65க்கும் 75க்கும் இடையே எண் ஒரு மணித்தியாலம்கூட அசையாமல் நிற்கலாம். கருவி பழுதாகவில்லை. வியர்வை உடலைக் குளிர்விப்பதுபோல், மேற்பரப்பில் ஆவியாகும் நீர் உள்ளே போகிற சூட்டை எடுத்துவிடுகிறது. அவசரப்பட்டுக் கரியைக் கூட்டினால் வெளியே கருகும். தாளில் சுற்றி ஆவியைத் தடுத்தால் எண் மீண்டும் ஏறும்.

மீன் விடயத்தில் வெப்பமானியால் முடியாத ஒன்று உண்டு. சூரை, கும்பளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் பக்றீரியாக்கள் அவற்றில் ஹிஸ்டமினை உண்டாக்கும். அந்த நச்சு வெப்பத்தால் அழியாது. 63 அல்ல, 100 பாகைவரை சுட்டாலும் முகம் சிவந்து தலையிடிக்கும். ஆகவே வாங்கியதிலிருந்து 4 பாகைக்குக் கீழே ஐஸில் இருக்கட்டும். பெட்டிக்குள் குத்திப் பார்க்க அதே சாதாரண வெப்பமானி போதும். 32 பாகைக்கு மேல் வெயில் எரிக்கும் நாளில் எந்த இறைச்சியையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

ஊசியை வெறுங்கையால் இழுக்காதீர்கள், பீங்கான் தலை நீண்ட நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். சூடாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் போட்டால் அது வெடிக்கும். ஆறவிட்டு, சவர்க்காரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள்.