ஆர்.எஸ்.வி.பி. என்பதைத் தமிழில் எப்படிக் கேட்பது?

அழைப்பிதழின் அடியில், ஓரமாக, R.S.V.P. என்று நான்கு எழுத்துகள் இருக்கும், பக்கத்தில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும். ரொம்ப நாள் வரை அது 'தொடர்புக்கு' என்பதன் இங்கிலீஷ் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழி தெரியாவிட்டால் கூப்பிடச் சொல்லி எண் போட்டிருக்கிறார்கள் என்று. கூப்பிட்டு வருகிறோமா இல்லையா என்று சொல்லச் சொல்கிறார்கள் என்பது தெரிந்தபோது, அதற்குள் எத்தனை பேருக்குப் பதிலே சொல்லாமல் போய் நின்றிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஆர்.எஸ்.வி.பி. ஆங்கிலச் சுருக்கம் இல்லை, பிரெஞ்சு. 'ரெபோந்தே சில் வூ ப்ளே' என்ற தொடரில் உள்ள நான்கு சொற்களின் முதலெழுத்துகள். ரெபோந்தே என்றால் பதில் சொல்லுங்கள். மரியாதைப் பன்மை, 'நீங்கள்' போட்டுப் பேசுவது. மீதி மூன்றையும் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'உங்களுக்கு விருப்பமானால்' என்று வரும், ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் 'தயவுசெய்து' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ஆகவே விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று யாரும் வசதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கிலீஷ் அழைப்பிதழில் பிரெஞ்சு எப்படி வந்தது? ஐரோப்பாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அரசவைக்கும் தூதர்களுக்கும் பிரெஞ்சுதான் நாகரிக மொழி. விருந்து, உபசாரம், பழகும் முறை என்று வந்துவிட்டால் ஆங்கிலேயப் பெரிய மனிதர்களும் அதில்தான் எழுதிக் காட்டிக்கொண்டார்கள். மெனு, பொக்கே, எடிக்கெட் எல்லாம் அந்த வழியாக வந்தவைதான்.

'ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' என்று எழுதுகிறவர்களைத் திருத்துவதற்கென்றே சிலர் காத்திருப்பார்கள், தயவுசெய்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே என்று. சரிதான், ஆனால் நாமும் 'கேட் வாசலில்' நின்றுகொண்டு 'நடுசென்டரை'ப் பற்றிப் பேசுகிறவர்கள்தானே, அதில் ரொம்பக் கோபப்பட எனக்கு மனசில்லை. வேற்றுமொழிச் சொல் உள்ளே என்ன பொருள் வைத்திருக்கிறது என்று தெரியாதபோது பக்கத்தில் தன் சொல்லையும் ஒன்று போட்டுக்கொள்வது எல்லா மொழிக்காரர்களுக்கும் உள்ள பழக்கம்.

தமிழுக்கு வருவோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ் என்று அச்சடித்த அழைப்பிதழ்களில், ஆர்.எஸ்.வி.பி. உட்கார்ந்திருக்கும் அதே அடிப்பகுதியில் தமிழில் 'அவ்வண்ணமே கோரும்' என்று இருப்பதைப் பார்க்கலாம், கீழே பெயர்கள். இடம் ஒன்றாக இருப்பதால் இது அதன் மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. வண்ணம் என்றால் இங்கே நிறம் இல்லை, விதம். மேலே அழைத்தவர் எந்த விதமாக அழைத்தாரோ அந்த விதமாகவே நாங்களும் கேட்டுக்கொள்கிறோம் என்று மற்றவர்கள் சேர்ந்து சொல்வது அது. 'கோரும்' பெயரெச்சம், அதனால்தான் அது முடியாமல் நிற்கிறது, அடுத்து வரும் பெயர்கள்தான் அதை முடித்துவைக்கின்றன. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதும் இதே அமைப்புத்தான். எவ்வளவு அழகாக இருந்தாலும் இவை எதுவும் நம்மிடம் பதில் கேட்கவில்லை. வாருங்கள், வாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆர்.எஸ்.வி.பி. கேட்பது வேறு: வருவீர்களா, மாட்டீர்களா? எத்தனை இருக்கை போடுவது என்று தெரிய வேண்டியவருக்கு இரண்டில் எதுவானாலும் உதவும்.

இதை வைத்துக்கொண்டுதான் தமிழில் புழங்குகிற சொற்களை எடைபோட வேண்டும். 'வருகையை உறுதி செய்யவும்' என்பது இப்போது நிறைய இடத்தில் வருகிறது, கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வருகிறவரிடம் மட்டும் பேசுகிறது. வர முடியாதவர் எதை உறுதி செய்வார்? பேசாமல் இருந்துவிடுவார். 'வருகையைத் தெரிவிக்கவும்' என்றாலும் இதே கோளாறுதான்.

'விடை தருக' என்று ஒருமுறை பார்த்தேன். தூய தமிழ், குறை சொல்ல முடியாது. என்ன, விடை என்றால் பதில் மட்டும் இல்லை, 'விடை பெற்றுக்கொள்கிறேன்' என்கிறோமே, அந்த விடையும் அதுதான். விருந்தாளி இன்னும் வரவே இல்லை, அதற்குள் அனுப்பிவைக்கச் சொல்வது போல ஒரு நொடி தோன்றிவிடும்.

மிச்சம் பதில், மறுமொழி. 'பதில்' அரபு மூலம் உடையது, உருது வழியாக நமக்கு வந்தது. ஒன்றுக்கு மாற்று என்பதுதான் அடிப்படைப் பொருள், 'அவருக்குப் பதிலாக இவர்' என்னும்போது அது இன்னும் தெரிகிறது. 'மறுமொழி' நம் சொல். மறு என்பதைப் பார்த்து மறுப்பு என்று யாரும் பயப்பட வேண்டாம், மறுநாள், மறுபக்கம் என்பதில் உள்ள மறுதான். ஒருவர் மொழிந்ததற்கு எதிராளி மொழிவது. வருகிறேன் என்றாலும் மறுமொழி, முடியவில்லை என்றாலும் மறுமொழி. அச்சடித்த அழைப்பிதழுக்கு 'மறுமொழி தருக' என்பதே என் தேர்வு. பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் 'வருகை மறுமொழி'. நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் அதைப் போட்டால் அரசு ஆணை போல இருக்கும், அங்கே 'வருவீர்களா என்று 10ஆம் தேதிக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்று எழுதிவிடலாம். தேதி போடாவிட்டால் எந்த மொழியில் கேட்டாலும் பதில் வராது. பேச்சில் 'ஆர்.எஸ்.வி.பி. பண்ணியாச்சா?' என்பதற்கு 'பதில் சொல்லியாச்சா?' போதும்.

இதற்கும் ஒரு தமிழ்ச் சுருக்கம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பின்குறிப்புக்குப் பி.கு. வந்து நிலைத்தது போல 'ம.த.' என்று போடலாமே என்று. பி.கு. கடிதம் எழுதியவர்கள் எல்லோரும் புழங்கிய எழுத்து, விரித்தாலும் விரிக்காவிட்டாலும் கடிதத்தின் விஷயம் கெடாது. இங்கே அந்தச் சுருக்கமேதான் பிரச்சினை. நான்கு எழுத்துக்குள் ஒரு கேள்வியை ஒளித்துவைத்ததால்தான் என்னைப் போன்றவர்கள் அதைத் தொலைபேசி எண்ணின் தலைப்பாகப் படித்தோம்.

இதோடு ஒட்டி வரும் இன்னொன்று, வராதவர்கள் மட்டும் சொன்னால் போதும் என்று கேட்கிற வழக்கம். ஆங்கிலத்தில் 'ரிக்ரெட்ஸ் ஒன்லி' என்று போடுவார்கள், வருத்தங்கள் மட்டும் என்று அப்படியே தமிழாக்கினால் துக்கச் செய்தி ஆகிவிடும். 'வர இயலாதவர்கள் மட்டும் தெரிவிக்கவும்' என்றால் முடிந்தது. ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, பேசாமல் இருக்கிற அத்தனை பேரும் வருவதாகக் கணக்கு, செய்தியைப் பார்க்கவே பார்க்காதவர் உட்பட.

அப்புறம், செல்பேசியில் வரும் செய்திக்குப் பதிலாகப் போடுகிற அந்தக் கட்டைவிரல் படம். கேள்வியை நல்ல தமிழில் கேட்டு அனுப்பினால் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து நிற்கும். பார்த்துவிட்டேன் என்கிறாரா, நல்லது என்கிறாரா, வருகிறேன் என்கிறாரா? 'பார்க்கலாம்' என்று எழுதுகிறவரைக் கூட வராதவர் கணக்கில் எழுதிவிடலாம், கட்டைவிரலை எந்தப் பக்கம் எழுதுவது?