கடாரப் படையெடுப்பை விளையாட்டு விதியாக எழுதுவது எப்படி?

ராஜேந்திர சோழனை, நாகரிகங்களை வளர்த்து ஆளும் கணினி விளையாட்டான ‘சிவிலைசேஷன் 6’-இல் ஒரு தலைவராகச் சேர்க்க மோட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) எழுத உட்காரும் எவருக்கும் முதலில் தோன்றுவது, ‘கப்பல்களுக்குக் கூடுதல் பலம் 5’ என்பதுதான். அது கடலோரத்தில் ஆண்ட எந்த அரசருக்கும் பொருந்தும். ராஜேந்திரனுக்கென்று அதில் ஒன்றும் இல்லை.

சரி, ராஜேந்திரனின் படை கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) போன 1025-இல் என்ன நடந்தது? ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ என்று சொல்லும் அவரது மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் வரும் புகழுரை), கடாரத்து அரசனைப் பிடித்ததையும், ஸ்ரீவிஜயத்தின் வித்தியாதரத் தோரணத்தைக் கைப்பற்றியதையும் கூறி, பண்ணை, மலையூர், இலங்காசோகம் என ஊர்களை அடுக்குகிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நாடு பிடிக்கும் போராகப் பார்ப்பதில்லை. வணிக வழியில் இருந்த துறைமுகங்களை அடித்துவிட்டுத் திரும்பிய படையெடுப்பாகவே பார்க்கிறார்கள். விளையாட்டில் ராஜேந்திரனுக்குத் தரும் சிறப்புத் திறனும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் தலைவருடன் ஒரு ‘டிரெய்ட்’ (சிறப்புப் பண்பு) இணையும், டிரெய்ட்டுடன் ‘மாடிஃபையர்’ (அதன் விளைவைச் சொல்லும் விதி) இணையும். எந்த நிபந்தனையில், யாருக்கு, எவ்வளவு என்பதை அட்டவணை வரிகளாக எழுதுகிறோம். உயிர் இருப்பது அந்த நிபந்தனையில்தான். விளையாட்டில் ஏற்கெனவே உள்ள நார்வே அரசர் ஹரால்டைப் பாருங்கள். 1066-இல் இறந்தவர், கிட்டத்தட்ட ராஜேந்திரனின் காலத்தவர். நேருக்கு நேர் மோதும் அவருடைய கப்பல்கள் எல்லாம் கரையோரத்தைச் சூறையாடலாம், வயலோ சுரங்கமோ எதுவானாலும். அதை எடுத்துக்கொண்டு நாம் ஒன்றை மட்டும் இறுக்குகிறோம்: சூறையாடல் நடந்த கணத்தில், வரைபடத்தின் அந்தக் கட்டத்தில் இருந்தது துறைமுகமா என்று, லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல் பார்க்கும். ஆம் என்றால் கருவூலத்துக்குத் தங்கம். இல்லையென்றால் கூடுதலாக எதுவும் கிடையாது.

பிடித்த ஊரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தனியாக ஒரு தடை போட வேண்டுமா? தேவையில்லை என்பது என் கருத்து. ‘ரைஸ் அண்ட் ஃபால்’ விரிவாக்கத்தில் வந்த விசுவாசக் கணக்கு (ஊர் மக்கள் யார் பக்கம் சாய்கிறார்கள் என்ற அளவு), தலைநகரை விட்டுத் தொலைவில், அயலார் நகரங்களுக்கு நடுவே இருக்கும் ஊரைத் தானாகவே நழுவ வைத்துவிடும்.

அப்புறம் கங்கை. வடக்கே போன படை கொண்டுவந்த நீரை வைத்து, கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற ஏரியை அமைத்தார் ராஜேந்திரன். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. எனவே தொலைவில் பெறும் முதல் வெற்றிக்குப் பரிசாக, தலைநகரை ஒட்டி ஓர் ஏரிக் கட்டம். அதற்கும் தங்கத்தையே கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். அது பாசன ஏரி. பக்கத்துக் கட்டங்களுக்கு உணவு 2, ஏரிக்குப் பண்பாடு 1.