வெள்ளியங்கிரியில் எங்கே உட்காருவது?

மாசி பிறந்தால் எங்கள் மருத்துவமனைக்கும் ஒரு சீசன் பிறந்துவிடும். பிப்ரவரியில் வெள்ளியங்கிரி மலைப்பாதையைத் திறந்தால் மே கடைசி வரைக்கும் திங்கட்கிழமை காலை வரிசையில் இரண்டு பேராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முழங்கால் வலி பெரிய விஷயமில்லை, ஒரு வாரத்தில் போய்விடும். நான் எழுத நினைத்தது அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களைப் பற்றி.

கோவைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பூண்டி. அங்கிருந்து ஏழு மலை, ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். உச்சி கிட்டத்தட்ட 6,000 அடி. போகிறவர்கள் ஏறுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். ராத்திரி ஏறலாமா, எத்தனை மணி நேரம் ஆகும், மூங்கில் தடி ஒன்று போதுமா? நடுவில் எங்கே உட்காருவது, எவ்வளவு நேரம் உட்காருவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் திரும்பி வந்தவர்களிடம் நடந்ததைக் கேட்டால், பேச்சு ஏதாவது ஓர் இளைப்பாறும் இடத்தில் வந்து நின்றுவிடும்.

சில வருடங்களுக்கு முன்னால் வந்த ஒருவரைச் சொல்கிறேன். வயது 46, பனியன் கம்பெனியில் வேலை, கூட நான்கு நண்பர்கள். முதல் மலை முழுக்கச் செங்குத்தான கல் படிகள். பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஐம்பது படி ஏறுவார், மறுபடி உட்காருவார். "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருந்துச்சுங்க டாக்டர். ஆனா அஞ்சு நிமிசம் உக்காந்தா சரியாப் போயிருதுங்க" என்றார். நண்பர்கள் வாயுத் தொல்லை என்று முடிவு செய்து சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் சரியாகிறதே என்ற தைரியத்தில் மூன்றாவது மலை வரை போய்விட்டார். அங்கே வேர்த்துக் கொட்டி, உட்கார்ந்தும் சரியாகவில்லை. டோலியில்தான் இறக்கினார்கள்.

"உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது" என்பதுதான் இந்தத் தொழிலில் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிற வாக்கியம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், ஏறும்போது தேவை கூடும், ரத்தம் போதாது, நெஞ்சு இறுகும். உட்கார்ந்ததும் தேவை குறையும், இறுக்கம் விட்டுவிடும். ஏறினால் வந்து உட்கார்ந்தால் போகிற வலிக்கு, வாயுத் தொல்லை என்று பெயர் வைக்கும் முன் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வலி தாடைக்கோ இடது கைக்கோ மேல்முதுகுக்கோ போனால் சந்தேகம் இன்னும் கூடும். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வேர்வையும் மட்டும் வரலாம். முதல் இளைப்பாறலில் இப்படி ஒன்று தெரிந்தால் அதோடு ஏற்றம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தும் விடவில்லை என்றால் அவரைத் தானாக நடந்து இறங்க விடாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கச் சொல்லுங்கள். கீழே தகவல் சொல்லி, 108 வண்டி அடிவாரத்தில் தயாராக நிற்கட்டும். 2024 சீசனில் இந்த மலையில் அடுத்தடுத்து வந்த இறப்புச் செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

சர்க்கரை என்றதும் இன்னொன்று. விரதத்தோடு ஏறுகிறவர்கள் சோற்றை விட்டுவிடுவார்கள், மாத்திரையை விட மாட்டார்கள். இரண்டு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு கை நடுங்கி, பேச்சு குழறி, கோபம் வரும். அது களைப்பு இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கிறது. குளுக்கோஸோ நாட்டுச் சர்க்கரையோ உடனே கொடுங்கள். மாத்திரை அளவை மலைக்குப் போகும் முன்னாலேயே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

உட்காருவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. படி ஏறி வந்த வேகத்தில் தொப்பென்று உட்காராதீர்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலே வரச் சற்று நேரம் வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். சமதளத்தில் ஒரு நிமிடம் மெல்ல நடந்துவிட்டு உட்காருங்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் தசை இறுகும், நனைந்த சட்டை உடம்பைக் குளிர வைக்கும்.

குளிர் என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை. "கோயம்புத்தூர்ல ஏதுங்க டாக்டர் குளிரு?" ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். அதோடு ராத்திரி, காற்று, வேர்வை. ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடே ஏழாவது மலை ஏறி, விடியும் வரை மேலே படுத்திருந்த ஒரு கல்லூரிப் பையனை அழைத்து வந்தார்கள். இறங்கும் வழியில் உளறியிருக்கிறான். நடுக்கம் நின்றதும் சரியாகிவிட்டான் என்று கூட வந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் உடம்பு நடுங்கும் சக்தியையும் இழந்த கட்டம் அது. பையில் ஒரு காய்ந்த பனியனும் காற்றுத் தடுக்கும் சட்டையும் இருந்திருந்தால் இந்த அவஸ்தை இல்லை. சுக்குக் காபி நல்லதுதான், ஆனால் காய்ந்த துணிக்கு அது ஈடாகாது.

ஏப்ரல், மே மதியங்களில் கோடை மழை இடியோடு வரும். ஆட்கள் ஓடி ஒதுங்குவது பாறை இடுக்குக்கும் தகரக் கொட்டகைக்கும். மழைக்கு அவை சரி. மின்னலுக்கு, சுவரில்லாத கொட்டகையும் குகை வாசலும் தனி மரமும் வெட்டவெளியைப் போலவே ஆபத்து. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மொட்டை உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை திரும்ப ஏறாதீர்கள்.

காய்ந்த புல்வெளியில் கூட்டமாக உட்காருவதும் இந்த மாதங்களில் சரியில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 23 பேரைக் கொண்டுபோனது. தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதக் கால் அதற்கு ஈடு கொடுக்காது. 2024 அக்டோபரில் அரசு முறைப்படுத்தித் திறந்த 40 மலையேற்றப் பாதைகளில் வழிகாட்டியோடுதான் போக முடியும். அவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். "இங்க உக்கார வேண்டாங்க, யானை இறங்கற தடம்" என்று ஒருவர் சொன்னால் ஏன் எதற்கு என்று வாதாடாமல் எழுந்துவிடுங்கள்.

அப்புறம், பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல். இதை மலையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, ஆறாவது நாளும் 103 டிகிரி என்று ஒருவர் வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னேன், ஒன்றுமில்லை. இடுப்பில் பேண்ட் இறுக்கும் இடத்தைப் பார்த்தேன். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அவருக்கே தெரியவில்லை. "மலைக்கு ஏதாவது போனீங்களா?" என்றதும் முழிக்கிறார். புதரோரப் புல்லில் படுத்துத் தூங்கியிருக்கிறார், நனைந்த துண்டைச் செடி மேல் காயப் போட்டிருக்கிறார். ஸ்கரப் டைபஸ். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிக் குஞ்சு கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்குப் பெரும்பாலும் இரண்டே நாளில் அடங்கிவிடும். கண்டுபிடிக்கத் தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். புல்லில் படுக்காமல் விரிப்பு போட்டு உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் "மலைக்குப் போய் வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.

பனியன் கம்பெனிக்காரருக்கு ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த மாசிக்கு வந்து "மலைக்குப் போலாமுங்களா?" என்று கேட்டார். பூண்டி வரைக்கும் என்றேன். போயிருக்கிறார். நண்பர்கள் நான்கு பேரும் மேலே ஏற, அவர்கள் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு அடிவாரத்து மண்டபத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். "குளுருலைங்க டாக்டர், காஞ்ச சொக்காய் ரெண்டு எடுத்துட்டுப் போயிருந்தேன்" என்றார்.