டிக்கியில் ஏற்றிய கிரைண்டர் எங்கே போய் நிற்கும்?

போன ஆடியில் ஒருவர் என் ஒர்க்ஷாப்பில் காரை விட்டுவிட்டு, பின்சீட் சாய்மானம் லாக் ஆக மாட்டேன் என்கிறது, இப்போது வருகிற வண்டியெல்லாம் தகரடப்பா என்று சலித்துக்கொண்டார். திறந்து பார்த்தால் லாக் கொக்கி வளைந்திருக்கிறது, சாய்மானத்தின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. டிக்கியில் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டேன். தங்கச்சிக்குச் சீர் கொண்டுபோனார்களாம், அதில் ஒரு கிரைண்டர், கல்லும் குழவியுமாக 25 கிலோ இருக்கும். ரிங் ரோட்டில் ஆடு குறுக்கே வந்ததால் பிரேக்கை மிதித்திருக்கிறார். "இடிக்கவே இல்லண்ணே, பிரேக்குதான் அடிச்சேன்" என்றார் மறுபடி மறுபடி. நல்லவேளை, பின்சீட்டில் அன்றைக்கு ஆள் இல்லை.

மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்து இருபது வருஷம் ஆகிறது. வளைந்த சீட் லாக், உடைந்த டிக்கி உள்பலகை, பாதை போட்டது மாதிரி கீறல் விழுந்த டிக்கி தரை, இவையெல்லாம் ஆடியிலும் சித்திரையிலும், மாசியில் குலதெய்வக் கும்பிடுக்கு ஊருக்குப் போய்வந்த பிறகும்தான் அதிகம் வரும். காரணம் எப்போதும் ஒன்றுதான்: பொருளுக்கும் சீட்டுக்கும் நடுவே இடம் விட்டிருப்பார்கள்.

அந்த கிரைண்டர் கதையையே கணக்குப் போடுவோம். தூக்குவதற்குச் சிரமம் என்று அதை டிக்கி வாசல் ஓரத்திலேயே வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து சீட்டுக்கு ஒரு மீட்டர் இடைவெளி. பலமாகப் பிரேக் அடித்தால் வண்டிதான் வேகம் குறையும், கிரைண்டருக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு வரும். ஒரு மீட்டர் ஓடி வந்து மோதுவது, அதே கல்லை அரை மீட்டர் உயரத்திலிருந்து சீட் மேல் போடுவதற்குச் சமம். சீட்டை ஒட்டியே வைத்திருந்தால் ஓடிவர இடமே இல்லை, சாய்ந்துகொண்டு அழுத்தும், அவ்வளவுதான்.

இது வெறும் பிரேக். உண்மையில் மோதினால் கணக்கே வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு சுவரில் முட்டி, வண்டியின் முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளும் அந்தக் கணத்தில் தன் எடையைப் போல சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் தள்ளும். கீழமாசி வீதியில் வாங்கிப்போட்ட ஒரு சிப்பம் அரிசி, 25 கிலோ, அரை டன்னாகத் தள்ளும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கூட 40 கிலோவாக வரும். பின்சீட் சாய்மானம் இதைத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் பின்பற்றும் ஐ.நா. விதியில் அதைச் சோதிப்பதற்கு டிக்கியில் வைப்பது 18 கிலோ கட்டைகள் இரண்டு. நாமோ நாலு சிப்பத்தைப் போட்டு, அதற்கு மேல் தேங்காய் மூட்டையையும் போட்டு, அதற்கு முன்னால் அம்மாவை உட்கார வைக்கிறோம்.

சரி, எப்படி ஏற்றுவது? கனமானது எல்லாம் அடியில், சீட்டை ஒட்டி. இடைவெளி இருந்தால் ஜமுக்காளம், தலையணை, துணிப்பை என எதையாவது திணித்து அடையுங்கள். அண்டா, குண்டா மாதிரி உருளுகிற சாமானை ஒன்றுக்குள் ஒன்று போட்டுச் சாக்கில் கட்டிவிடுங்கள். டிக்கி தரையில் வளையங்கள் இருந்தால் (பல வண்டிகளில் உண்டு, கம்பளத்தை விலக்கினால் தெரியும்) லாரிக்காரர்கள் போடும் ராட்செட் பெல்ட்டின் சின்ன சைஸை வாங்கி அதில் கோத்து இறுக்குங்கள். கொக்கி வைத்த ரப்பர் கயிறு எனக்குப் பிடிக்காது. அது இழுபடுவதற்கென்றே செய்த கயிறு, அதை நம்பி 30 கிலோவை எப்படிக் கட்டுவது? பின்சீட் காலியாக இருந்தால் அந்த சீட் பெல்ட்களைப் பூட்டியே வையுங்கள், சாய்மானத்துக்குக் கூடுதல் பிடிமானம்.

பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகை, அலமாரி இல்லை. போன மாசம் ஒரு குடும்பம் கிளம்புகிற நேரத்தில் காற்றுப் பிடிக்க வந்தது. டிக்கியில் எல்லாம் கச்சிதமாக அடுக்கியிருந்தார்கள், பாராட்டலாம் என்று வாயைத் திறக்கும்போதுதான் பார்த்தேன், அந்தப் பலகையில் வெண்கலக் குத்துவிளக்கு, பாட்டியின் பின்னந்தலைக்கு நேராக. கீழே வைக்கச் சொன்னதற்கு, "விளக்கக் காலடியில வைக்கலாமா தம்பி" என்று பாட்டிக்கு மனசே இல்லை. கடைசியில் டிக்கியில் துணி மூட்டைகளுக்கு நடுவே புதைத்தோம்.

குழந்தைகளை டிக்கியில் உட்கார வைப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுதினால் கோபம் வரும்.

எடையையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். சின்ன காருக்கு ஆளும் சாமானும் சேர்த்து ஏறக்குறைய 400 கிலோதான் தாங்குதிறன், சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஐந்து பேருக்கே 325 போய்விட்டது. மிச்சம் மூன்று சிப்பம். முழு பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும், பின் டயருக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவர் கண் கூசும், அதைத் தாழ்த்த ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திருகு உண்டு, பாதிப் பேர் அதைத் தொட்டதே இல்லை.

கூரை மேல் கேரியர் வைத்தாலும் நிறைய சின்ன வண்டிகளுக்கு 50 கிலோவைத் தாண்டக் கூடாது, அதுவும் கேரியரின் எடையையும் சேர்த்து. சில வண்டிகளில் இருக்கிற ரெயில் வெறும் ஷோவுக்கு ஒட்டியது, அதில் கட்டவே கூடாது. மேலே பாரம் ஏற்றிக்கொண்டு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பிப் பார்த்தால் வண்டி சாய்கிற சாய்ப்பு வேறு மாதிரி இருக்கும். மெத்தை இன்னும் மோசம். எடை இல்லையே என்று நினைப்பீர்கள், நாலுவழிச் சாலையில் காற்று அடியில் புகுந்து தூக்கும். நீளத்தில் முன்னும் பின்னும் கட்டாமல் நடுவில் மட்டும் ஒரு கயிறு போட்டால் கப்பலூர் தாண்டும்போது அது உங்களிடம் இருக்காது.

டிக்கிக் கதவைத் திறந்தபடி கயிறு கட்டி பீரோ கொண்டுபோகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு, சைலன்சர் புகை அந்த வழியாக உள்ளேயே இழுக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தலைவலி, மயக்கம் என்றுதான் தெரியவரும். சாமான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் போடவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது. கிடாவெட்டுக்குச் சமைக்க கேஸ் சிலிண்டரை டிக்கியில் படுக்கப்போட்டுக் கொண்டுபோவதும் ஆபத்துதான். அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் வெளியேறாமல் தரையிலேயே தங்கும். இதற்கெல்லாம் ஒரு குட்டியானை பிடித்துவிடுங்கள், வாடகை நான் வாங்குகிற சீட் லாக் கூலியைவிட அப்படியொன்றும் அதிகமில்லை.

அப்புறம், கிளம்பி பத்து கிலோமீட்டரில் ஒரு டீக்கு நிறுத்துங்கள். சாமான் குலுங்கி அமர்ந்திருக்கும், நைலான் கயிறு தளர்ந்திருக்கும். டீ ஆறுவதற்குள் ஒரு சுற்று இழுத்துக் கட்டிவிடலாம்.