மீட்டர் காட்டும் மைலேஜும் கைக்கணக்கு மைலேஜும்

பாளையங்கோட்டையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு 'மைலேஜ் குறைந்துவிட்டது' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த எண்ணை மீட்டரில் பார்த்தார்களா, கையால் கணக்குப் போட்டார்களா என்பதைத்தான்.

டாஷ்போர்டில் தெரியும் சராசரி மைலேஜ், பெட்ரோலை அளந்து சொல்லும் எண் அன்று. இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் எத்தனை மில்லி விநாடி திறந்திருந்தன என்பதை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு கூட்டி, அந்த நேரத்தில் இவ்வளவு பெட்ரோல் போயிருக்க வேண்டும் என்று கணித்து, ஓடிய தூரத்தை அதனால் வகுக்கிறது. ஆகவே இன்ஜெக்டரில் அடைப்பு இருந்தால், இசியு அதைக் கூடுதல் நேரம் திறக்கச் செய்து, போகாத பெட்ரோலையும் போனதாக எழுதிக்கொள்ளும். இன்ஜெக்டருக்கு முன்பே பெட்ரோல் கசிந்தாலோ, அது மீட்டரின் கணக்கிலேயே வராது.

இதை நான் நேரில் கண்டேன். வயலோரம் வீடு கட்டியிருந்த வாடிக்கையாளர் ஒருவர், பெட்ரோல் செலவு கூடிவிட்டது, ஆனால் மீட்டர் வழக்கம்போல் 18.4 என்றே காட்டுகிறது என்று குழம்பி வந்தார். நல்லவேளையாக, அவர் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் குறித்து வைக்கும் பழக்கமுள்ளவர். முந்தைய மூன்று டேங்கில் 412, 438, 395 கிலோமீட்டர் ஓடி, முறையே 24.1, 25.9, 23.0 லிட்டர் பிடித்திருந்தது. மொத்தம் 1245 கிலோமீட்டருக்கு 73 லிட்டர், அதாவது லிட்டருக்கு 17.05. மீட்டருக்கும் கைக்கணக்குக்கும் இந்த அளவு வித்தியாசம் பல கார்களில் இருப்பதுதான். ஆனால் கடைசி டேங்கில் கைக்கணக்கு மட்டும் 15-க்கு இறங்கியிருந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால், பெட்ரோல் டியூபை எலி கடித்திருந்தது. அந்த நோட்டுப் புத்தகம் இல்லையென்றால், தீப்பிடிக்கும் அபாயத்துடன் இன்னும் சில வாரம் ஓட்டியிருப்பார்.

கணக்குப் போடும் முறை எளிது. நாசில் தானாகக் கட் ஆகும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி, டேங்க் பாதிக்குமேல் காலியானபின் அதே பங்க்கில், கூடுமானால் அதே நாசிலில், மறுபடி கட் ஆகும்வரை நிரப்ப வேண்டும். கட் ஆனபின் 'இன்னும் கொஞ்சம்' என்று அழுத்தச் சொல்வது கணக்கையும் கெடுக்கும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டரையும் கெடுக்கும். 10 லிட்டர் மட்டும் போட்டுக் கணக்குப் பார்த்தால், அரை லிட்டர் கூடக்குறைய நிரம்பினாலே 5 சதவீதம் பிசகிவிடும். ஆகவே மூன்று டேங்க் தூரத்தையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி வகுப்பதே நம்பத்தக்கது. பெரிய அளவு டயர் மாற்றியவர்கள், ஓடோமீட்டரே குறைவாகக் காட்டும் என்பதால், முதலில் நான்குவழிச் சாலையின் கிலோமீட்டர் கற்களோடு தூரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனி, ஆடியில் நாகர்கோவில் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயின் எதிர்க்காற்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் மீட்டரும் கைக்கணக்கும் சேர்ந்தே இறங்கினால், இன்ஜெக்டர் சுத்தம் செய்யப் பணம் கட்டுவதற்குமுன் உள்ளூரில் ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள். ஒன்று அசையாமல் நின்று மற்றொன்று மட்டும் மாறினால், அல்லது பெட்ரோல் வாடை வந்தால், காத்திருக்காமல் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குறித்து வைத்த கணக்கையும் கையோடு கொண்டு போங்கள்.