பேரிங்: தாங்கியா, தாங்கு உருளையா?

தை மாதம். மன்னார்குடிப் பக்கம் ஒரு பட்டறை. சம்பா அறுப்புக்கு வந்த பெல்ட் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம் ஒன்று, வேலையை விட்டுவிட்டு அங்கே நின்றது. மெக்கானிக் கீழ் உருளை ஒன்றைக் கழற்றி, ஓரத்தை அடைத்திருக்கும் சீல் வளையத்தை நெம்பி எடுத்து, உள்ளே விரலை விட்டு வழித்துக் காட்டினார். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. குண்டுகளைத் துரு புள்ளி புள்ளியாகத் தின்றிருந்தது.

“பேரிங்கைப் பாக்கவே இல்லையா தம்பி?”

ஓட்டுநர் பதறிப்போனார். “தெனம் வேல முடிஞ்சதும் தண்ணி பீச்சி உருளையெல்லாம் கழுவித்தாண்ணே வுடுறேன். புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு?”

வண்டியோடு வந்த கையேட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ‘தாங்கு உருளைகளின் வழக்கமான பராமரிப்பு முக்கியம். சுத்தமாக வைத்திருக்கவும்’ என்று இருந்தது. அந்தத் தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை. தமிழ் தெரிந்த யார் படித்தாலும் வெளியே கண்ணுக்குத் தெரிகிற உருளையைத்தான் நினைப்பார்கள். பீச்சியடித்த தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே புகுந்து பேரிங்கைக் கெடுத்துவிட்டது.

பேரிங்குக்குத் ‘தாங்கு உருளை’ என்று கையேட்டிலும் விளம்பரத்திலும் கைப்பேசி மொழிபெயர்ப்பிலும் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தேன். அன்றைக்குத்தான் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘பேர்’ என்றால் சுமத்தல், தாங்குதல். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘பாரம்’ அதற்குத் தூரத்து உறவு. சுற்றுகிற ஒன்றின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே அதைத் தடையில்லாமல் சுற்றவிடும் உறுப்புதான் பேரிங். 1794-இல் வேல்ஸைச் சேர்ந்த பிலிப் வாகன் வண்டி அச்சுக்குக் குண்டு வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று டிராக்டர் முன்சக்கரத்தில் இருக்கிற கூம்புருளை வகைக்கு 1898-இல் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன் குதிரை வண்டி கட்டியவர்.

இனி சண்டைக்கு வருவோம். தமிழில் தொகைச்சொல்லின் தலை கடைசியில் இருக்கும். பால்குடம் என்றால் குடம். சுடுசோறு என்றால் சோறு. அப்படியானால் தாங்கு உருளை என்பது உருளை. ஆனால் பேரிங் உருளை அல்லவே! உள்வளையம், வெளிவளையம், நடுவில் குண்டோ உருளையோ ஊசியோ, அவற்றைப் பிரித்து நிறுத்தும் கூடு, எல்லாம் சேர்ந்த தொகுப்புதான் நாம் பெரும்பாலும் பார்க்கிற பேரிங். அதில் ஒரு வகையின் ஒரு பாகத்தை எடுத்து முழுக் குடும்பத்துக்கும் பேராக வைத்தால் என்ன ஆகும்? குண்டு பேரிங் ‘பந்து தாங்கு உருளை’ ஆகும். இதை நான் அச்சிலேயே பார்த்திருக்கிறேன். பந்தா, உருளையா? எதைத் தேடி ஒருவர் வண்டிக்கு அடியில் படுப்பார்? வெறும் குழாய்த் துண்டு போன்ற வெண்கலப் புஷ்ஷும் ஒரு பேரிங்தான். அதில் உருள்வதற்கு ஒன்றுமே கிடையாது, தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றும். அதையும் உருளை என்பதா?

அப்புறம், உருளை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அடுப்படியில் எரிவாயு உருளை. என்ஜினில் சிலிண்டரும் உருளை. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான தாங்கு உருளை ஒன்று இருக்கிறது. பெல்ட் வண்டியின் எடையைப் பெல்ட் மேல் தாங்கி ஓடுகிற அந்தக் கீழ் உருளைகளுக்கு அந்தப் பெயர் அச்சாகப் பொருந்தும். அதற்குள்ளே இருக்கிற பேரிங்குக்கும் அதே பெயரைக் கொடுத்தால், மன்னார்குடியில் நடந்ததுதான் நடக்கும்.

எனக்குத் ‘தாங்கி’ போதும். இதற்கு எதிராக இரண்டு வாதம் கேட்டிருக்கிறேன். சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் அசையாமல் நிற்பவை, சுற்றும் பொருள் தாங்கியில் வரவில்லை என்பது ஒன்று. ஆங்கிலச் சொல்லிலும்தான் சுற்றுவது இல்லை. சாலையோரக் கல் தலைச்சுமையை வாங்கிக்கொண்டது போல இது அச்சின் சுமையை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது வாதம், இலங்கையில் தாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி அல்லது போர் டாங்கி என்று பொருள் என்பது. இது நியாயமான கவலை. ஆனால் முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் தீர்ந்துவிடும்: சக்கரத் தாங்கி, குண்டுத் தாங்கி, உருளைத் தாங்கி, கூம்புருளைத் தாங்கி, ஊசித் தாங்கி. உருளை தனக்குரிய இடத்தில், வகையைச் சொல்ல வருகிறது பாருங்கள்.

பழைய சொல் கிடைக்குமா என்றும் தேடினேன். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் குடம் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஆரக்கால், வட்டை, கடையாணி என்று எல்லாவற்றுக்கும் பேர் இருக்கிறது. பேரிங்குக்கு மட்டும் இல்லை. காரணம், இருசின் (அச்சின்) மேல் குடமே நேராகச் சுற்றியது. நடுவில் மசகுதான். வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த அந்த வண்டி மையைத் தடவாமல் யாரும் தொலைவழிக்கு வண்டி பூட்டவில்லை. கிரீஸுக்கு ‘மசகு’ என்றே எழுதலாம், எனக்கு அதில் மிகுந்த ஆசை.

பட்டறையில் பேரிங் என்றும், சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு என்றும் சொல்வதில் எனக்கு வருத்தமே இல்லை. தவறான தமிழுக்கு அந்தச் சொற்கள் ஆயிரம் மடங்கு மேல். எழுத்துத் தமிழில் தாங்கி என்று எழுதுங்கள், முடியாவிட்டால் பேரிங் என்றே எழுதுங்கள்.

மன்னார்குடியில் பார்த்த அந்தக் கையேட்டு வாக்கியத்தில் ‘வழக்கமான பராமரிப்பு’ இன்னொரு கோளாறு. வழக்கமான என்றால் எப்போதும் செய்கிற என்று பொருள். தம்பியும் எப்போதும் போலத்தான் கழுவினார். சொல்ல வந்தது ‘தவணை தவறாமல்’. அதே புத்தகத்தில் ‘சாலைக்கு வெளியே வாகனங்கள்’ என்று ஒரு தலைப்பு. ரோட்டை விட்டுக் கீழே நிறுத்திவைத்த வண்டிகளா? வயலிலும் வரப்பிலும் ஓடும் வண்டிகள் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இப்படி மொழிபெயர்ப்பவர்கள் ஒரே ஒரு நாள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கலாம்.

ஜூன் 12, மேட்டூர் திறக்க வழக்கமாகக் குறிக்கும் நாள். தண்ணீர் வந்ததும் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்கள் குறுவைச் சேற்றுழவுக்கு இறங்கும். முன்சக்கரக் குடம் சேற்றில் அமிழும். ஓடிச் சூடேறிய குடம் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வண்டிக்கான கையேட்டில் நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘சேற்றுழவு முடிந்ததும் முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கவும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். ஆட்டம் இருந்தாலோ, சுழற்றும்போது கரகரத்தாலோ, கிரீஸ் வெளுத்திருந்தாலோ குடத்தைத் திறந்து சக்கரத் தாங்கிகளைக் கழற்றிக் கழுவவும். பள்ளம் விழுந்த தாங்கியை மாற்றவும். புதுக் கிரீஸ் அடைத்து, புதுச் சீல் போடவும். சீல் இருக்கும் இடத்தில் தண்ணீர் பீச்ச வேண்டாம்.’